பாறைக்கோசு இருக்கும் இடம்

மாஸ் ஆ தியெரா தீவு
12 மார்ச் 1983

அன்புள்ள நியேவெஸ் அக்காவுக்கு,

உன் தங்கை எர்சிலியா எழுதுகிறேன். நானும் எலியோதோரோவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. அது மீன்பிடிப் படகோடு வந்தது, படகோடுதான் போகும். நீ எப்படி இருக்கிறாய்? போன வருடம் நான் வால்பரைசோவுக்கு வந்தபோது, தெருவிளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்றாயே, கண் டாக்டரைப் பார்த்தாயா? கிறிஸ்துமஸுக்கு எழுதியதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை.

இப்போது ஒரு சேதி சொல்கிறேன். வாசித்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

பாறைக்கோசு அழியவில்லை, அக்கா! பின்மலையில் இருந்த கடைசிச் செடியை ஆடுகள் தின்று தீர்த்த பிறகு, இனி உலகத்திலேயே கிடையாது என்று தலைநகரத்து ஆட்கள் வந்து எழுதிக்கொண்டு போனார்களே, அதே பாறைக்கோசு. இந்தத் தீவை விட்டால் அதற்கு வேறு ஊர் ஏது? போன வாரம் பூங்கா நாற்றங்காலுக்கு மண் தேடிப் போனவள் மூடுபனியில் வழி தவறி ஒரு பாறை விளிம்பில் போய் நின்றேன். எதிரே ஆள் உயரத்தில் அது நிற்கிறது. கோசு மாதிரி தடித்த இலை, தலைகீழாகத் தொங்கும் மஞ்சள் பூங்கொத்து, கொத்துக்குள் மூக்கை விட்டுக்கொண்டு ஒரு சிவப்புத் தேன்சிட்டு. நான் உட்கார்ந்துவிட்டேன்.

எலியோதோரோவுக்குச் சொன்னேன். பூங்காக் காவலர் பெலார்மினோவுக்குச் சொன்னேன். இப்போது உனக்கு. வேறு யாருக்கும் தெரியாது. "விதை முத்துற வரைக்கும் மூச்சு விடாதே. அபூர்வச் செடின்னா வெறி புடிச்சுத் தேடுற பணக்காரங்க வெளிநாட்டுல இருக்காங்க. ஒருத்தன் வந்து வேரோட புடுங்கிட்டுப் போனா கதை முடிஞ்சுது" என்கிறார் பெலார்மினோ. நகராட்சி ரேடியோ ஃபோனில் உன்னோடு பேசினால் தீவு முழுக்கக் காது வைக்கும். அதனால்தான் கடிதம். இடத்தை மட்டும் உனக்கும் எழுத மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

மே மாதம் அம்மாவின் நினைவுநாளுக்குத் தேவாலயத்தில் பூசை சொல்ல மறந்துவிடாதே. நடந்ததும் எழுது.

அன்புடன்,
எர்சிலியா


வால்பரைசோ
30 ஏப்ரல் 1983

அன்புத் தங்கை எர்சிலியாவுக்கு,

உன் கடிதம் பத்திரமாகக் கையில் கிடைத்தது. என் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை. படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்த ஊரில் படிக்கட்டு ஏறாமல் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாதே.

வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களால் தொல்லை இல்லை. மாடி அறைக்குப் புதிதாக ஃபெர்மீன் என்று ஒருவர் வந்திருக்கிறார். பள்ளிப் புத்தகங்கள் விற்கிறவர், அதிர்ந்து பேசாதவர். மாலையில் தேநீர் குடிக்கும்போது ஜன்னலோரம் நின்று, கடல் இன்றைக்கு என்ன நிறம், எந்தக் கப்பல் உள்ளே வருகிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். பேச்சுத்துணைக்கு ஆள் இருப்பது நல்லதுதான்.

பாறைக்கோசுச் செய்தி மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. அது எந்தப் பக்கம் இருக்கிறது? ஏதாவது ஒரு துறைக்கு மேலேயா, உள்மலையிலா? விதை எந்த மாதத்தில் முத்தும்? அக்காவிடம் மறைக்க என்ன இருக்கிறது? விவரமாக எழுது.

எலியோதோரோவைக் கேட்டதாகச் சொல்.

உன் நலம் நாடும்,
நியேவெஸ்


மாஸ் ஆ தியெரா
18 ஜூன் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர் தொடங்கிவிட்டது. கப்பல் நினைத்தால் வருகிறது, நினைக்காவிட்டால் இல்லை. மற்றபடி சுகம். நீ குளிரில் வெளியே அலையாதே.

அம்மாவின் பூசையைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. கண்ணைப் பற்றியும் எழுதவில்லை. உன் கடித எழுத்து மட்டும் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுத்து மாதிரி அத்தனை ஒழுங்கு! எலியோதோரோ பார்த்துவிட்டு, "உங்க அக்கா இந்த வயசுல எழுதப் பழகுறாளா?" என்று கிண்டல் செய்தார்.

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. போன கப்பலில் வந்த சமையல்காரன் துறையில் நின்றுகொண்டு பெலார்மினோவிடம், "மஞ்சப் பூ கோசு ஒண்ணு மறுபடி கெடைச்சிருக்காமே, மெய்தானா?" என்று கேட்டிருக்கிறான். எங்கே கேள்விப்பட்டாய் என்றால், வால்பரைசோத் துறைமுகத்தில் யாரோ விசாரித்தார்களாம். அக்கா, எங்கள் வாயிலிருந்து வராமல் துறைமுகத்துக்கு அது எப்படிப் போனது?

வீட்டுக்கு வந்து எலியோதோரோவைக் கேட்டேன்.

"குடிச்சுட்டு யார்கிட்டயாவது உளறினீங்களா?"

"நான் குடிச்சா பாட்டுப் பாடுவேன். செடியப் பத்திப் பேசினதா சரித்திரம் உண்டா?"

"அப்ப யாரு?"

"ஏண்டி, மலை மேல நெதம் சுத்துறவன் பெலார்மினோ. சம்பளம் பத்தலைன்னு அழுவுறவனும் அவன்தான். என்னைப் போய்க் கேக்குறே."

அவர் சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. பெலார்மினோ முன்பெல்லாம் நாற்றங்காலில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார். இப்போது மதியமானால் எங்கோ போகிறார். திரும்பி வரும்போது கையெல்லாம் கீறல். கேட்டால், "முள்ளுச்செடி வெட்டினேன்" என்கிறார். நாற்றங்காலிலிருந்து கம்பியும் கொஞ்சம் காணோம்.

யாரை நம்புவது? நீ பக்கத்தில் இருந்தால் தேவலை. பூசை நடந்ததா என்று மறக்காமல் எழுது.

உன்
எர்சிலியா


வால்பரைசோ
9 ஜூலை 1983

அன்புத் தங்கை எர்சிலியாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீயும் அவ்வாறே இருப்பாய் என நம்புகிறேன். இங்கே விடாத மழை.

உன் கடிதம் என்னைக் கவலையில் ஆழ்த்தியது. பெலார்மினோ விஷயத்தில் எச்சரிக்கையாக இரு. குறைந்த சம்பளக்காரனிடம் விலைமதிப்புள்ள பொருளைக் காட்டியது உன் தவறு. உன் கணவனையும் முழுதாக நம்பாதே. மீன்பிடிக்கிறவர்கள் துறையில் கூடிவிட்டால் ரகசியம் தங்காது. இனி இது பற்றி அவர்கள் இருவரிடமும் பேசவே வேண்டாம். எனக்கு மட்டும் எழுது. நான் எங்கோ தொலைவில் இருக்கிறேன், என்னிடமிருந்து யாருக்குப் போகும்?

அதனால்தான் சொல்கிறேன், இடத்தையும் ஒருவருக்காவது எழுதி வை. மலையில் உனக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தச் செடி இருப்பது உலகத்துக்குத் தெரியாமலே போய்விடும். போகும் வழி, பாறையின் அடையாளம், எல்லாவற்றையும் தெளிவாக எழுது.

உன் நலம் நாடும்,
நியேவெஸ்


மாஸ் ஆ தியெரா
20 செப்டம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

எங்களுக்கு உடம்பு சுகம். மனசு பற்றிக் கேட்காதே.

நீ சொன்னபடி பெலார்மினோ மேல் ஒரு கண் வைத்தேன். ஒரு மதியம் அவர் பின்னாலேயே மலையேறினேன். அவர் பாறைக்கோசு இருக்கும் விளிம்புக்குத்தான் போனார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்துவிட்டேன். "யாருக்கு விக்கப் போறே? சொல்லு!" என்று கத்தினேன்.

அவர் கையில் இருந்தது காணாமல் போன கம்பி. செடிக்குக் கீழே ஆடு ஏறும் தடத்தை முள்ளாலும் கம்பியாலும் அடைத்துக்கொண்டிருந்தார். கேட்டால் அலுவலகம் கம்பி தராது என்று எடுத்து வந்தாராம். எனக்குச் சொன்னால், கணக்குக் கேட்கும்போது நானும் பொய் சொல்ல வேண்டி வரும் என்று மறைத்தாராம்.

சட்டையை விட்டேன். அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "விஷயம் தெரிஞ்சவங்கள்ல ரெண்டு பேரச் சந்தேகப்பட்டாச்சு. மிச்சம் இருக்குறவங்களையும் கொஞ்சம் பாரேன்" என்றார். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

இருக்கட்டும். இடத்தை ஒருவருக்காவது எழுதி வை என்றாயே, அது எனக்கும் நியாயமாகப் பட்டது. உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன்? பிரெஞ்சுத் துறையில் இறங்கி, ஓடை மார்க்கமாக மேலே வந்தால் கரும்பாறை ஒன்று யானை முதுகு மாதிரி நிற்கும். அதன் இடது தோளில் ஏறி, சரிவைத் தாண்டினால் விளிம்பு. அங்கேதான். டிசம்பர் தொடக்கத்தில் விதை முத்திவிடும். அதன் பிறகு நான் போய்ப் பறித்துவிடுவேன்.

வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன்
எர்சிலியா


வால்பரைசோ
15 அக்டோபர் 1983

அன்புத் தங்கை எர்சிலியாவுக்கு,

நலம். உன் கடிதத்தை நீ சொன்னபடியே செய்தாயிற்று. இனி யாருக்கும் எதையும் எழுத வேண்டாம். நிம்மதியாக இரு.

வீட்டில் வேலை மிகுதி, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். அடுத்த சில வாரங்களுக்கு என்னிடமிருந்து கடிதம் வராவிட்டால் கவலைப்படாதே.

உன் நலம் நாடும்,
நியேவெஸ்


மாஸ் ஆ தியெரா
4 டிசம்பர் 1983

நியேவெஸுக்கு,

உன் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போவதில்லை.

நவம்பர் கடைசிக் கப்பலில் ஒரு ஆள் வந்து இறங்கினான். கழுத்தில் காமிரா. "தேன்சிட்டுப் படம் எடுக்க வந்திருக்கேங்க" என்று ஊரெல்லாம் சொன்னான். தேன்சிட்டு எங்கள் வாசல் செடியிலேயே வந்து உட்காரும். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படகு பிடித்து நேரே பிரெஞ்சுத் துறைக்குப் போனான்.

அங்கே பாறைக்கோசு இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. நான் உனக்கு எழுதியது பொய். உன்னைத் தவிர யாருக்கும் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. பெலார்மினோ சொன்னதைக் கேட்ட அன்றைக்கே எனக்கு அந்த எண்ணம் வந்தது. நீ இல்லை என்று நிரூபிப்பதற்காகத்தான் எழுதினேன். கப்பலுக்குக் கப்பல், புது முகம் யாரும் வரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

நானும் எலியோதோரோவும், அவர் அழைத்து வந்த பெலார்மினோவும் துறையில் காத்திருந்தோம். அவன் ஓடை வழியாக ஏறினான், கரும்பாறையின் இடது தோளில் ஏறினான். அடி பிசகாமல் நான் எழுதியபடியே போனான். அந்தச் சரிவு உதிர்மண். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தை எழுதினேனா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதியில் மண் நழுவி, அவன் ஓடைக் கல்லில் வந்து விழுந்தான். கால் இரண்டாக மடங்கிவிட்டது.

பையைத் திறந்தால் கயிறு, மண்கொத்தி, ஈரப்பாசி அடைத்த சாக்கு. விதைக்கு மட்டும் வந்தவன் சாக்கு கொண்டுவர மாட்டான். "யாருடா உனக்குச் சொன்னது?" என்று எலியோதோரோ கேட்டதும் அலறிக்கொண்டே சொன்னான். "என் பேரு ஃபெர்மீனுங்க. வால்பரைசோவுல நியேவெஸ் அம்மா வீட்டுல தங்கியிருக்கேன். எல்லாம் அந்தம்மாதான் சொன்னாங்க."

மாலையில் தேநீர் குடித்துக்கொண்டு என்னை விற்றாயா? கூடப்பிறந்தவளிடமே, கட்டியவனைச் சந்தேகப்படு என்று சொன்னாய். பெலார்மினோ மாதிரி ஒரு மனுஷனின் சட்டையைப் பிடிக்க வைத்தாய். உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்தும் செய்தாய்.

நாளைக் காலை விமானம். சிங்கி இறால் கூடைகளோடு இந்தக் கடிதமும் போகும். இனி எனக்கு அக்கா இல்லை.

எர்சிலியா


மாஸ் ஆ தியெரா
11 டிசம்பர் 1983

இதை வாசிக்கப்போகிற, எனக்குப் பேர் தெரியாத உங்களுக்கு,

வணக்கம். நீங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், தபால்காரராக இருக்கலாம். யாராக இருந்தாலும் நன்றாக இருப்பீர்கள். டிசம்பர் நாலாம் தேதி போட்ட கடிதம் ஒன்று இதே முகவரிக்கு வந்திருக்கும். அதை என் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். கிழித்துப் போட்டுவிடுங்கள். படித்துக் காட்டியிருந்தால், தயவுசெய்து அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். அதன் பிறகு இதைச் சத்தமாக வாசியுங்கள், ஒரு சொல் விடாமல்.

அக்கா, நான்தான்.

அந்த ஆள் இங்கே மருத்துவ அறையில் கிடக்கிறான். காலை அசைக்கக் கூடாது, மறுகோடியில் இருக்கும் விமான ஓடுதளத்துக்குப் படகில் கொண்டுபோக முடியாது, அடுத்த கப்பல் வரட்டும் என்று கடற்படை மருத்துவர் சொல்லிவிட்டார். ஊரில் யாரும் அவனுக்குச் சோறு கொடுக்க மாட்டோம் என்றார்கள். பட்டினி போட மனசு வராமல் நான் மீன் சாறு கொண்டுபோனேன். கொடுக்கும்போது கேட்டுவிட்டேன், "எங்க அக்கா எதுக்காக இப்படிப் பண்ணினா?" என்று.

அவன் சாற்றை ஊதிக் குடித்தான். "அவங்க ஒண்ணும் பண்ணலை. அவங்களுக்குக் கண்ணு தெரியாதே, உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"கண்ணு போயி ஒரு வருஷமாச்சும்மா. நான் குடி வந்ததுலேர்ந்து நான்தான் கடுதாசி படிச்சுக் காட்டுவேன். அவங்க சொல்லச் சொல்ல எழுதுறதும் நான்தான். கையெழுத்து மட்டும் அவங்க தடவித் தடவிப் போடுவாங்க. வெளியே தெரிய வேண்டாம்னு என்கிட்டச் சத்தியம் வாங்கினாங்க."

"என்ன படிச்சுக் காட்டினே?"

"தேவையானத."

"என்ன எழுதினே?"

அவன் சாற்றைக் குடித்து முடித்தான். கிண்ணத்தை என்னிடம் நீட்டினான்.

அடியில் நீ போட்ட கையொப்பம் எல்லாக் கடிதத்திலும் கோட்டை விட்டுக் கீழே சரிந்திருந்ததை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அக்கா, நான் திரும்பத் திரும்ப உன் கண்ணைப் பற்றியோ பூசையைப் பற்றியோ கேட்டிருந்தேன். அது உன் காதுக்கு வந்ததா? அவன் அங்கே திரும்பி வந்தால் கதவைத் திறக்காதே. இங்கே காவல்காரர்கள், செடியைத் தொடாதவன் மேல் என்ன வழக்குப் போடுவது என்று கையை விரிக்கிறார்கள்.

நான் எழுதியதை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை. கடிதம் எனக்கு முன்னால் பறந்து போய்விட்டது.

எர்சிலியா


வால்பரைசோ
20 ஜனவரி 1984

எர்சிலியா,

ரொட்டிக்கடை சொய்லா எழுதுகிறாள், நான் சொல்கிறேன். சொய்லாவுக்கு எழுத்துப்பிழை வரும். அதைப் பார்த்துத்தான் இது உண்மையான கடிதம் என்று நீ நம்ப வேண்டும். (இதை எழுத மாட்டேன் என்றாள். எழுது என்றேன்.) உயிரோடு இருக்கிறேன், சாப்பிடுகிறேன், படிக்கட்டை எண்ணி இறங்குகிறேன்.

நீ டிசம்பர் நாலாம் தேதி போட்ட கடிதம்தான் முதலில் வந்தது. சொய்லா பாதியில் நிறுத்தி, "அடுப்புல ரொட்டி கருகுது, நாளைக்குப் படிக்கிறேன்" என்றாள். "ரொட்டி கருகினா எனக்கு வாசனை தெரியும். கருகல, படி" என்றேன். இனி எனக்கு அக்கா இல்லை என்ற இடத்தை அவள் முணுமுணுத்துத் தாண்டப் பார்த்தாள். அந்த வரியை மறுபடியும் படிக்கச் சொன்னேன். ஏன் தெரியுமா? இத்தனை மாதமாக அந்த ஆள் படித்த கடிதங்களில் நீ எங்கேயும் இல்லை. ஆடு, செடி, வானிலை. அவ்வளவுதான். திட்டியாவது நீ வந்தாயே என்று இருந்தது.

நீ என் கண்ணைக் கேட்டது ஒருமுறைகூட என் காதில் விழவில்லை. அம்மாவுக்கு மே மாதமே பூசை சொல்லி, பாதிரியார் என்ன பேசினார் என்பதுவரை எழுதச் சொன்னேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நினைத்து உன்னைச் சபித்தேன். தங்கச்சிக்குச் செடி கிடைத்ததும் அக்கா சருகாகிவிட்டாள் என்று சொய்லாவிடமே சொல்லியிருக்கிறேன். கேட்டுப் பார்.

இன்னொன்றும் சொல்கிறேன். உன்னை மட்டும் பொல்லாதவள் என்று நினைக்காதே. ஜூலை மழையில் சமையலறைக் கூரை இறங்கிவிட்டது, ஈரத்தில் படுத்திருக்கிறேன் என்று எழுதச் சொன்னேன். கூரை இறங்கவே இல்லை. நீ பதறுகிறாயா பார்க்கலாம் என்றுதான். பதிலில் நீ கம்பி வேலியைப் பற்றி எழுதியிருப்பதாக அவன் படித்தான். அன்றைக்கு நானும் மனசுக்குள், இனி எனக்குத் தங்கை இல்லை என்றேன். நீ காகிதத்தில் எழுதினாய், நான் எழுதவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏன் மறைத்தேன் என்கிறாயா? சொன்னால் அடுத்த கப்பலில் வந்து வீட்டைப் பூட்டி என்னைச் சிங்கி இறால் மாதிரி கூடையில் போட்டுத் தூக்கிப் போவாய். கண் தெரியாதவள் வீட்டில் எவன் ஒழுங்காக வாடகை கொடுப்பான்? அவன் குரல் நல்ல குரல், அதை நம்பிவிட்டேன். கடல் நிறம் சொன்னானே, அதையாவது சரியாகச் சொன்னானா என்று இப்போது சொய்லாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவன் போன வாரம் ஊன்றுகோலோடு வந்து கதவைத் தட்டினான். பெட்டியை நானும் சொய்லாவும் மாடியிலிருந்தே தெருவுக்குத் தள்ளினோம். படிக்கட்டு முழுக்கச் சத்தம். அவனே பொறுக்கிக்கொள்ளட்டும்.

உன் செடி பிழைத்ததா? இடத்தைச் சொல்லாதே. எனக்குத் தெரியாததை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

நியேவெஸ்


மாஸ் ஆ தியெரா
15 பிப்ரவரி 1984

என் அக்கா நியேவெஸுக்கும், எழுத்துப்பிழை விடுகிற சொய்லாவுக்கும்,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை நானும் இரண்டு முறை வாசித்தேன். கூரை இறங்கிய இடத்தில் அழுகை வந்தது, இறங்காத இடத்தில் கோபம் வந்தது. எலியோதோரோ கேட்டுவிட்டு, "ரெண்டு பேருமே ஒரே பானையில வெந்தவங்கதான்" என்றார்.

செடியைக் கேட்டாய். மறைக்காமல் சொல்கிறேன். நாங்கள் எல்லோரும் பிரெஞ்சுத் துறையில் திருடனுக்காகக் காத்துக் கிடந்த நாட்களில் உண்மையான இடத்துக்கு யாருமே போகவில்லை. காற்றில் முள்வேலி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆடுகளுக்கு எங்கள் சந்தேகமெல்லாம் எங்கே தெரியும்? ஏறி வந்துவிட்டன. நான் போய்ப் பார்த்தபோது கீழ்க்கிளைகள் இல்லை. தண்டின் ஒரு பக்கம் பட்டை உரிந்து வெள்ளையாகக் கிடந்தது. ஒருத்தனைப் பிடிக்கப்போய், பறிகொடுக்கக் கூடாததைப் பறிகொடுத்தோமோ என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பெலார்மினோவைத் தேடிப் போய்ச் சொன்னேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "களிமண் எடு" என்பதுதான். பட்டை போன இடத்தில் களிமண் அப்பிச் சாக்கால் சுற்றினோம். எலியோதோரோ அந்த முழங்காலோடு கம்பிச்சுருளைத் தோளில் போட்டு மலையேறினார். வழியெல்லாம் ஆட்டுக்கும் எனக்கும் சேர்த்துத் திட்டு. ஆட்டு வாய்க்கு எட்டாத உச்சிக் கொத்து ஒன்று மட்டும் காய்த்திருந்தது. அந்த விதையை நாற்றங்காலில் போட்டோம். பெரும்பாலும் பூஞ்சை பிடித்து அழுகிவிட்டது. ஒரு தட்டில் மட்டும் சில முளைகள் பச்சை காட்டியிருக்கின்றன. அது பாறைக்கோசா, களையா என்று இன்னும் இரண்டு இலை வந்தால்தான் தெரியும். பெலார்மினோ தினமும் அதன் மேல் குனிந்து, சந்தேகத்தோடு பார்க்கிறார். என்னைப் பார்ப்பதும் அப்படித்தான். ஆனால் மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். அது போதும்.

தாய்ச்செடி பிழைக்குமா என்று எவருக்கும் தெரியவில்லை. நுனியில் இலை இன்னும் வாடவில்லை.

நீ இங்கே வந்துவிடு, அக்கா. கூடையில் போட்டுத் தூக்கி வர மாட்டேன். வீட்டை சொய்லா பார்த்துக்கொள்ளட்டும். பிடிக்காவிட்டால் அடுத்த கப்பலில் திரும்பிவிடலாம். வருகிறேன் என்று யாராவது எழுதினால் அது நீதானா என்று எனக்கு எப்படித் தெரியும், அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இப்படிப் பயப்படுவது எப்போது விடும் என்றும் தெரியவில்லை.

உன்
எர்சிலியா


வால்பரைசோ
மார்ச்

எர்சிலியா

இதை யாரும் எழுதித் தரவில்லை. நானே எழுதுகிறேன். ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறியிருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் படி. காகிதம் எங்கே முடிகிறது என்று விரலால் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்

ஏப்ரல் கப்பலில் வருகிறேன்

துறையில் நில். வாயைத் திறக்காதே. எலியோதோரோ கையை நீட்டட்டும். பெலார்மினோவும் நீட்டட்டும். நீயும் நீட்டு. எது உன் கை என்று நான் சொல்கிறேன்

தப்பாகச் சொன்னால் அதே கப்பலில் என்னைத் திருப்பி அனுப்பிவிடு

நியேவெஸ்